மூன்று நாள் பரீட்சை

விஞ்ஞானத்தின் சரித்திரத்தைப் படிக்கிறவர்கள் புதிய உண்மைகளைக் கண்டறிந்த மேதைகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லுவார்கள்; அந்த உண்மைகளை நம்பலாமா என்று தீர்மானிப்பதற்குரிய அளவைகளையும், அளக்கும் முறைகளையும், அளவில் புகுந்துவிடும் பிழைகளை விலக்கும் உபாயங்களையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுமையோடு வகுத்துத் தந்தவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. இரண்டு பொருள்களுள் எது சிறந்தது என்று அறிய வேண்டுமானால், மற்ற நிலைமைகள் யாவற்றையும் சமமாக்கிவிட்டு, ஆராய விரும்பும் ஒன்றை மாத்திரம் மாறவிட வேண்டும் என்பது பரிசோதனை முறைக்கு ஆதாரமான விதி. ஆய்வுக்கூடத்து மேஜையின் மேலேயே இந்த விதியைக் காப்பாற்றுவது கடினம் என்றால், திறந்த வெளியில், வெயிலிலும் மழையிலும், பல கார்கள் ஒன்றையொன்று உரசுமளவுக்கு நெருங்கிப் பாய்கிற இடத்தில் அதைக் காப்பாற்றுவது எத்தகைய காரியம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கார்ப் பந்தயம் நடைபெறும் ஒரு வார இறுதியின் நிர்வாகம் முழுவதும் அந்தக் காரியத்தையும், அதனோடு மனித உயிரைக் காக்கும் காரியத்தையும் உத்தேசித்தே அமைந்திருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுவது இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து சென்னைக்குச் சென்று, அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூரை அடைவதற்குச் சற்று முன்பே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிடுவார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் அங்கேதான் இருக்கிறது. 1953-ல் தோன்றிய அந்தச் சங்கம் நெடுங்காலம் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையிலே பந்தயங்களை நடத்திவந்தது. பின்னர், பந்தயத்துக்கென்றே திட்டமிட்டு அமைத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990-ல் திறக்கப்பட்டது. அதன் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. பந்தயக் கார்களை நம் நாட்டிலேயே வடிவமைத்துக் காட்டிய எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிக் கோயம்புத்தூரில் 2003-ல் எழுந்த கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளமுள்ளது. சோழவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டின் பந்தயக் கலை பெரும்பாலும் இந்த இரண்டு தளங்களிலேதான் வளர்ந்திருக்கிறது.

பந்தயக் கார்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. கூரையில்லாமல், சக்கரங்கள் வெளியே தெரிய, பந்தயம் ஒன்றுக்காகவே செய்யப்படுவது ஃபார்முலா கார். நாம் வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கிற காரையே மூலமாகக் கொண்டு, அதன் உள் அலங்காரங்களைக் களைந்து, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு மாற்றி ஓட்டுவது டூரிங் கார். நமது தேசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியன் டூரிங் கார்ஸ் என்று ஒரு வகுப்பே இருக்கிறது. ஹோண்டா சிட்டி, மாருதி எஸ்டீம், ஃபோக்ஸ்வாகன் போலோ முதலிய, சாலையில் எல்லாருக்கும் பரிச்சயமான கார்கள் நம் நாட்டுத் தளங்களில் இப்படி ஓடியிருக்கின்றன. வெவ்வேறு தொழிற்சாலைகளில், வெவ்வேறு எண்ணத்தோடு பிறந்த கார்கள் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவதனால்தான், இவற்றைச் சமநிலையில் நிறுத்துவது எப்படி என்ற கேள்வி டூரிங் கார்ப் பந்தயத்துக்கு உயிர்நிலையாகிறது.

சோதனை

வெள்ளிக்கிழமையன்று லாரிகளிலும் டிரெய்லர்களிலும் கார்கள் வந்து இறங்கியவுடன் அவை தளத்துக்குள் விடப்படுவதில்லை. ஓட்டுநரின் லைசென்ஸும் மருத்துவச் சான்றும் பார்க்கப்பட்ட பிறகு, கார் ஸ்க்ரூட்டினியர் எனப்படும் சோதனை அதிகாரியிடம் போகிறது. அவர் காரை எடை மேடையில் ஏற்றுகிறார். தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறார். உள்ளே குனிந்து, ரோல் கேஜ் என்னும் எஃகுக் குழாய்க் கூட்டின் பற்றவைப்புகளை விரலால் தடவிப் பார்க்கிறார். சீட் பெல்ட்டுகளின் காலாவதித் தேதியைப் படிக்கிறார். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று கவனிக்கிறார். முன் கண்ணாடிக்குக் கீழே, நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்த சின்னம் ஒட்டியிருக்க வேண்டும். ஓட்டுநர் மயங்கிக் கிடக்கும் சந்தர்ப்பத்தில், காரை முன்பின் பார்த்திராத ஒருவர் ஓடிவந்து மின்சாரத்தை உடனே துண்டிக்க வேண்டிய இடம் அது. எந்தத் தேசத்துக் காரானாலும் சின்னம் ஒன்றே.

ஓட்டுநரின் உடையும் இந்தச் சோதனைக்குத் தப்புவதில்லை. நெருப்பைச் சில வினாடிகளேனும் தாங்கக்கூடிய அராமிட் இழையாலான முழு அங்கியும், தலைக்கவசமும், தோள்மேல் அமர்ந்து தலைக்கவசத்தைப் பட்டைகளால் பிணைக்கும் ஹான்ஸ் என்ற சாதனமும் காட்டப்பட வேண்டும். கார் சுவரில் மோதி நிற்கும்போது பெல்ட்டால் கட்டுண்ட உடல் நின்றுவிட, கட்டில்லாத தலை மட்டும் நியூட்டனின் முதல் விதிப்படி முன்னோக்கிச் செல்லுகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவதற்கு அதுவே காரணமென்று கண்டு, அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட் 1980-களில் அந்தச் சாதனத்தை உருவாக்கினார்.

எடைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதை நியூட்டனின் இரண்டாம் விதி விளக்கிவிடும். ஒரே விசை செயற்படும்போது, பொருண்மை கூடக்கூட முடுக்கம் குறைகிறது. 1,000 கிலோ காரில் 30 கிலோவைக் கூட்டினால் அதன் முடுக்கம் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு தாழ்ந்துபோகும். 1958-ல் தொடங்கிய பிரிட்டிஷ் டூரிங் கார்ச் சாம்பியன்ஷிப், வென்றவர்களின் காரில் அடுத்த பந்தயத்துக்குக் கூடுதல் எடை ஏற்றும் வழக்கத்தை நெடுநாள் கைக்கொண்டிருந்ததும், 2015-ல் டிசிஆர் என்ற பெயரில் நடைமுறைக்கு வந்து உலகமெங்கும் பரவிய விதித்தொகுப்பு ஒவ்வொரு மாதிரிக் காருக்கும் எடையையும் எஞ்சின் சக்தியையும் தனித்தனியே நிர்ணயிப்பதும் இந்த விதியின் பலத்தினால்தான். ஒரு தொடரில் எல்லாருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்களே வழங்கப்படுவதற்கும், எஞ்சின்களுக்குக் கம்பியிட்டு முத்திரை வைப்பதற்கும் காரணம் முதலில் சொன்ன பரிசோதனை விதியே. மாறக்கூடியவற்றை ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்டால்தான், ஓட்டுநரின் திறமையும் மெக்கானிக்கின் நுட்பமும் மட்டும் மாறிகளாக எஞ்சும்.

பயிற்சியும் வெப்பமும்

சோதனையில் தேறிய கார்களுக்குப் பயிற்சி ஓட்டம் உண்டு. ஓட்டுநர் பாதையைக் கற்றுக்கொள்வதற்கான நேரம் அது என்று பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். பொறியியலாளருக்கோ, பட்டறையில் கணக்கிட்டவை தளத்தில் எந்த அளவுக்கு மெய்யாகின்றன என்று ஒப்பிடும் நேரம். பந்தய டயரின் ரப்பர் குறிப்பிட்ட சூட்டை அடைந்த பின்னரே தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து நன்றாகப் பற்றும்; குளிர்ந்திருந்தால் வழுக்கும், அளவுக்கு மிஞ்சிச் சூடேறினாலும் வழுக்கும். பிட் என்னும் பணிமனைப் பகுதிக்குத் திரும்பிய காரின் டயரில் மெக்கானிக்குகள் ஊசிபோன்ற வெப்பமானியைச் செருகி, உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளந்து குறித்துக்கொள்வதைக் காணலாம். நடுப்பகுதி மட்டும் அதிகமாகச் சூடேறியிருந்தால் காற்றழுத்தம் கூடுதல் என்றும், ஒரு விளிம்பு மட்டும் சூடேறியிருந்தால் சக்கரத்தின் சாய்வு சரியில்லை என்றும் அந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

பிரேக்கின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வந்து, ஒரு வளைவுக்காக மணிக்கு 72 கிலோமீட்டருக்குத் தணிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 12,50,000 ஜூலிலிருந்து 2,00,000 ஜூலுக்கு இறங்குகிறது. மறைந்த 10,50,000 ஜூல் எங்கும் போய்விடவில்லை. ஏறக்குறைய அவ்வளவும் பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாகத் தேங்குகிறது. கிணற்றிலிருந்து இறைத்த மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அடுப்பு பல நிமிஷங்களில் கொடுக்கிற வெப்பத்தை, நான்கு டிஸ்க்குகளும் மூன்று நான்கு வினாடிகளில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது; அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் மீண்டும்.

அந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் சாம்பல் நிற வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்பில் கரி நுண்ணிய கிராபைட் தகடுகளாகப் படர்ந்திருப்பதனால் வெப்பம் விரைவாகப் பரவுகிறது, அதிர்வும் அடங்குகிறது. வார்ப்பிரும்பு நம் கடலூர்ப் பக்கத்துக்குப் புதிய பொருளன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில், இரும்பு ஆலையொன்றை நிறுவி, சேலம் வட்டாரத்துக் கனிமத்தை வரவழைத்து, மரக்கரியைக் கொண்டு நவீன முறையில் உருக்கினார்; பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். ஆலை நிலைக்கவில்லை. ஆயினும், கரி எவ்வளவு, எந்த உருவத்தில் இரும்போடு கலந்திருக்கிறது என்பதே அந்த இரும்பின் குணத்தை நிர்ணயிக்கிறது என்ற உண்மை, பரங்கிப்பேட்டை உலைகளில் எவ்வளவு முக்கியமாக இருந்ததோ அவ்வளவு முக்கியமாகவே இருங்காட்டுக்கோட்டையின் பிட்டிலும் இருக்கிறது.

டிஸ்க் தாங்கினாலும் பிரேக் எண்ணெய் தாங்க வேண்டும். சாலைக் கார்களில் சாதாரணமாகப் பயன்படும் டாட் 4 வகை எண்ணெய், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கக்கூடும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கிவிடலாம் ஆகையால், குழாயில் ஆவிக்குமிழி தோன்றிய மாத்திரத்தில் ஓட்டுநரின் பாதத்துக்குக் கீழே மிதி தரைவரை இறங்கிவிடும்; காரோ நிற்காது. கடற்கரைப் பிரதேசத்தின் ஈரக்காற்றில் புழங்கும் அணியினர் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் பழைய எண்ணெயை இறக்கிப் புதிய எண்ணெய் ஊற்றுவது வீண் செலவன்று.

காலக் கணக்கு

அடுத்தது குவாலிஃபையிங். குறிப்பிட்ட சில நிமிஷங்களுக்குள் ஒவ்வொருவரும் எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடலாம். மிகக் குறைந்த நேரத்தில் முடித்த ஒரே சுற்று கணக்கில் கொள்ளப்பட்டு, பந்தயம் தொடங்கும்போது யார் எந்த இடத்தில் நிற்பது என்பது முடிவாகிறது. ஒரே சுற்றின் உச்சத்தை அளப்பது குவாலிஃபையிங். பல சுற்றுகளில் ஒரே சீராக ஓடும் ஆற்றலையும், நெருக்கடியில் நிதானம் இழக்காத மனத்தையும் அளப்பது பந்தயம். இரண்டு அளவைகளும் வெவ்வேறானவை என்பதை உணர்ந்தே வார இறுதியில் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் தொடரில் ஞாயிற்றுக்கிழமை மூன்று பந்தயங்கள் நடத்தி, மூன்றாவதில் முன்னணியில் உள்ளவர்களின் வரிசையைத் திருப்பிவிடும் முறையும் உண்டு; முந்திச் செல்லும் திறமையைத் தனியே சோதிக்க அதைவிட நேரான வழி இல்லை.

இருங்காட்டுக்கோட்டைத் தளத்தை மணிக்குச் சராசரி 120 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிற காருக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 1 நிமிஷம் 51.5 வினாடி ஆகும். அந்தச் சராசரி வேகத்தில் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு என்பது மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். கையில் கடிகாரம் வைத்து அளந்தால், கண் கண்டதை விரல் செய்வதற்குள் மனிதனுக்குச் சுமார் 0.2 வினாடி கழிந்துவிடுகிறது. முடிவுக் கோட்டை வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கடக்கும் கார் அதற்குள் 10 மீட்டர், அதாவது இரண்டு கார் நீளத்துக்கும் அதிகமாக, முன்னேறிவிடும். ஆகவேதான் ஒவ்வொரு காரிலும் டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டி பொருத்தப்படுகிறது. தனக்கே உரிய அடையாள எண்ணை வானொலி அலையாக அது இடைவிடாது வீசிக்கொண்டிருக்கிறது. கோட்டில் தார்ப்பரப்பில் பதித்த கம்பிச்சுருள் அந்த அலையை வாங்கி, கார் கம்பியைக் கடக்கும் கணத்தை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை பதிவுசெய்கிறது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கார் நகர்வது 5 சென்டிமீட்டர். வெள்ளிக்கிழமைச் சோதனையின்போது அந்தப் பெட்டி எல்லாக் கார்களிலும் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். ஒருவர் அதை முன்னால் தள்ளி வைத்துவிட்டால், ஓடாமலேயே சில சென்டிமீட்டர் லாபம் அடைவார்.

கொடிகள்

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பந்தயங்கள். டூரிங் கார்கள் மட்டுமல்ல, பல வகுப்புகளும் ஒரே தளத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், கால அட்டவணை நிமிஷக் கணக்கில் வகுக்கப்பட்டிருக்கும். தளத்தைத் திறக்குமுன், கிளார்க் ஆஃப் தி கோர்ஸ் என்னும் தலைமை நிர்வாகி சுற்றி வந்து பார்வையிடுகிறார். ஆம்புலன்ஸும், மருத்துவர் அமர்ந்த விரைவு வண்டியும், நசுங்கிய காரிலிருந்து மனிதரை மீட்கப் பயின்ற குழுவும் தத்தம் இடத்தில் நிற்கின்றன என்று உறுதியாகாமல் ஒரு காரும் ஓட அனுமதிக்கப்படாது.

பாதையோரச் சாவடிகளில் நிற்கும் மார்ஷல்கள் இந்த ஏற்பாட்டின் கண்கள். அவர்கள் பேசுவது கொடியால். ஓட்டுநருக்குக் காது கேட்காது, வானொலி பழுதாகலாம். நிறம் மட்டும் தவறாது. மஞ்சள் ஆடினால் அபாயம், வேகத்தைக் குறை, முந்தாதே. இரண்டு மஞ்சள் ஆடினால் நிறுத்தவும் தயாராக இரு. பச்சை, அபாயம் நீங்கிற்று. நீலம், உன்னைவிட வேகமானவர் பின்னால் வருகிறார். மஞ்சளும் சிவப்புமான கோடுகள், தரை வழுக்குகிறது. கறுப்பின் நடுவே ஆரஞ்சு வட்டமும் எண்ணும் தெரிந்தால், உன் காரில் கோளாறு இருக்கிறது, பிட்டுக்கு வா. சிவப்பு, பந்தயம் நிறுத்தப்பட்டது.

சாவடிகளை எங்கே அமைப்பது என்பதிலும் கணிதம் இருக்கிறது. வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வரும் கார், புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான எதிர்முடுக்கத்தோடு பிரேக் பிடித்தாலும், முற்றிலும் நிற்பதற்கு ஏறக்குறைய 128 மீட்டர் வேண்டும். கொடியைக் கண்டு கால் அசைவதற்குள் போகும் 10 மீட்டரையும் சேர்த்தால் 138. மழை பெய்து உராய்வு பாதியாகிவிட்டாலோ நிற்கும் தூரம் மட்டுமே 255 மீட்டருக்கு மேலாகிறது. விபத்து நடந்த வளைவில் நின்று கொடியசைப்பதால் பயனில்லை. வளைவுக்கு வெகு முன்னால், ஓட்டுநர் இன்னும் நேர்ப்பாதையில் இருக்கும்போதே, அது அவர் கண்ணில் பட வேண்டும். வடகிழக்குப் பருவ மழை பந்தயப் பருவத்தோடு குறுக்கிடும் நமது பிரதேசத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கார்கள் வழக்கமாக ஓடும் தடத்தில் படிந்திருக்கிற ரப்பர், வறண்ட நாளில் டயரை நன்றாகப் பற்றும். நனைந்தவுடன் அந்தத் தடமே அதிகமாக வழுக்கும் இடமாகிவிடுவதால், அனுபவமுள்ளவர்கள் தடத்தை விட்டு விலகி ஓட்டுவார்கள்.

இத்தனை ஏற்பாடுகளும் மரணத்தை அடியோடு விலக்கிவிட்டன என்று சொல்லிவிட முடியாது. 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில், தேசிய சாம்பியன்ஷிப்பின் சலூன் கார்ப் பந்தயத்தில் கார்கள் மோதியதில் மூத்த ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். பந்தயம் உடனே சிவப்புக் கொடியால் நிறுத்தப்பட்டது. அன்றைய எஞ்சிய பந்தயங்கள் யாவும் ரத்தாயின. ஒவ்வொரு விபத்தும் விசாரிக்கப்பட்டு, அதன் காரணம் விதிகளில் ஒரு வரியாக ஏற வேண்டும் என்பது உலகப் பந்தய மரபு. இன்று நாம் படிக்கும் பாதுகாப்பு விதிகளில் பல, அப்படித் துயரத்தின் விலை கொடுத்துப் பெற்றவை. அவற்றைச் சடங்காக எண்ணிக் கடந்து செல்ல யாருக்கும் உரிமையில்லை.

தீர்ப்பு

கட்டமிட்ட கொடி வீசப்பட்டவுடன் பந்தயம் முடிந்துவிட்டதென்று கூட்டம் எழுந்துவிடுகிறது. நிர்வாகத்தின் கணக்கில் அது முடியவில்லை. கார்கள் நேராகப் பார்க் ஃபெர்மே என்ற அடைப்புக்குள் போய் நிற்கின்றன. அணியைச் சேர்ந்த ஒருவரும் அவற்றைத் தொடக்கூடாது. சோதனை அதிகாரிகள் மீண்டும் எடை பார்க்கிறார்கள், முத்திரைகளைச் சரிபார்க்கிறார்கள், வேண்டுமானால் எரிபொருளில் மாதிரி எடுக்கிறார்கள். முடிவுகள் முதலில் தற்காலிகமாகவே அறிவிக்கப்படும். ஆட்சேபம் தெரிவிக்க விரும்புகிறவர்களுக்கு 30 நிமிஷம் அவகாசம் உண்டு. ஆட்சேபத்தை விசாரிக்கும் ஸ்டூவர்டுகள், போட்டியை நடத்துகிறவர்களுக்கு அடங்கியவர்கள் அல்லர். தலைமை நிர்வாகியின் முடிவையும் அவர்கள் மாற்றலாம். ஆய்வை நடத்துகிறவர் வேறு, அதை மதிப்பிடுகிறவர் வேறு என்று விஞ்ஞான உலகம் வகுத்துக்கொண்ட நியாயம் இங்கும் அப்படியே பின்பற்றப்படுகிறது. முதலில் வந்த கார் சில கிலோ எடை குறைவாக இருந்தால், ஆயிரம் பேர் கண்ணெதிரே பெற்ற வெற்றியும் செல்லாது.

இந்தப் பெரிய ஏற்பாட்டில் பணமும் கீர்த்தியும் ஓட்டுநரைச் சேர்கின்றன. ஆனால் மூன்று நாளும் வெயிலில் நின்று கொடி பிடிக்கிறவர்களிலும் காலத்தைக் குறிக்கிறவர்களிலும் பெரும்பாலோர் ஆர்வத்தினால் மட்டுமே வந்த தொண்டர்கள். கார் வாங்கிப் பந்தயம் ஓட்டுவது நம்மில் மிகச் சிலருக்கே இயலும். மார்ஷலாகப் பயிற்சி பெறுவதற்குக் காரும் வேண்டாம், பணமும் வேண்டாம். கோயம்புத்தூர்த் தளத்தில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் பல கல்லூரிகளின் பொறியியல் மாணவர்கள் தாமே கட்டிய கார்களோடு போகிறார்கள். பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்திலும் கடலூரிலும் படிக்கிற மாணவர்கள், ஓட்டவும் கட்டவும் மட்டுமல்லாமல், அளக்கவும் சோதிக்கவும் தீர்ப்புச் சொல்லவும் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். வேகமான இயந்திரங்களை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அவற்றின் வேகத்தை ஐயத்துக்கிடமின்றி அளந்து, அதன் அபாயத்தை எல்லைக்குள் நிறுத்துகிற கட்டுப்பாட்டை ஒரு சமூகம் தானேதான் பயின்று பெற வேண்டும். அந்தப் பயிற்சியைப் பந்தயத் தளத்தில் பெற்றவர்கள், நெடுஞ்சாலையிலும் தொழிற்சாலையிலும் ஆய்வுக்கூடத்திலும் அதைப் பயன்படுத்துவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.